சேற்றுக் கரையில் ஓர் அரண்யம்

பத்து காஜாவில் கடலுக்குப் போக வேண்டுமென்று எவரேனும் வாய் திறந்தால், பேச்சு நேரே லூமுட்டுக்கும், அங்கிருந்து படகேறிப் பங்கோர் தீவுக்கும் போய்விடுவது வழக்கம். வெண்மணலும் நீலத் திரையும் இருந்தால்தான் அது கடற்கரை என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்துபோனதற்கு நாட்காட்டிப் படங்களும் சினிமாப் பாட்டுகளும் காரணமாக இருக்கலாம். பேராக் மாநிலத்துக் கடலோரத்தின் பெரும்பகுதியோ சேறு. அந்தச் சேற்றிலே, வடக்கே கோலா கூலாவிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிறை வடிவில் விரிந்து, 40,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது மாத்தாங் அலையாத்தி வனம். சிதம்பரத்தையடுத்த பிச்சாவரத்தைப் பார்த்தவர்கள், அதைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் அளவு ஒருவாறு விளங்கும்.

பிரயாணத்தில் சிரமம் ஒன்றுமில்லை. பத்து காஜா ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால், ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் ஆகிய ஊர்களைக் கடந்து, குன்றைக் குடைந்த நீண்ட சுரங்கப்பாதையின் இருளில் புகுந்து வெளிப்பட்ட சிறிது நேரத்தில் தைப்பிங் வந்துவிடுகிறது. மழைக்குப் பெயர் போன ஊர் அது. குடையை மறந்து போகிறவர் அங்கே ஒரு குடை வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். அங்கிருந்து மேற்கே, சிம்பாங், மாத்தாங் வழியாகச் செல்லும் சாலை, பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச்சின் கொலை வழக்கு 1876இல் விசாரிக்கப்பட்ட ஙா இப்ராஹிம் கோட்டையைத் தொட்டுக்கொண்டு, ஆற்று முகத்துவாரத்திலுள்ள கோலா செப்பெத்தாங் என்ற மீனவ ஊரில் முடிகிறது.

அந்த ஊருக்கு முன்னாளில் போர்ட் வெல்ட் என்று பெயர். நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராயிருந்த பிரடெரிக் வெல்டின் பெயர் அது. மலாயாவின் முதல் ரயில் பாதை, 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியன்று, தைப்பிங்கையும் இந்தத் துறையையும் இணைத்துத் திறக்கப்பட்டது. லாருட் பிரதேசத்து ஈயத்தைக் கப்பலேற்றுவதற்கென்றே போட்ட 13 கிலோமீட்டர்ப் பாதை. காடு வெட்டி, சேற்றில் மேடு கட்டி, தண்டவாளம் பதித்தவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பணிப்படையினர். பிற்காலத்தில் மலாயா ரயில்வேயில் யாழ்ப்பாணத்தார் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளக் கூலிகளாகவும் வேலை பார்த்ததை நம்மில் பல குடும்பங்கள் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டிருக்கும். பாதை இன்று இல்லை. ஆயினும் ஸ்டேஷனின் பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகிய எழுத்துகளோடு தமிழ் எழுத்தும் அதில் உண்டு. படகுத்துறைக்கு விரைகிறவர்கள் அதன் முன் ஒரு நிமிஷம் நிற்பதில் நஷ்டமில்லை.

காட்டுக்குள் போவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, வன இலாகா சதுப்பின்மீது அமைத்திருக்கும் பலகை நடைபாதை. அதில் நடக்கும்போது இருபுறமும், சேற்றைத் தொடாமல் தன் அடிமரத்தை வளைந்த வேர்களின்மேல் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கும் விருக்ஷங்களைக் காணலாம். மலாய்க்காரர் பாக்காவ் என்றும், பிச்சாவரத்தார் சுரபுன்னை என்றும் சொல்லும் இனம் இது. இதன் விதை மரத்திலிருந்து விழுந்து பின் முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காயைப் போல் நீண்டு, பக்குவம் வந்ததும் கீழே விழுந்து சேற்றில் குத்திட்டு நிற்கிறது அல்லது அலையோடு மிதந்துபோய் வேறொரு கரையில் வேரூன்றுகிறது. வேர்களுக்கிடையே இரையும் ஒதுங்கிடமும் தேடி வரும் இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளுமே, பிறகு வளர்ந்து, இக்கடலோர மீனவர் வலையில் விழுகின்றன.

இவ்வளவு அழகான வனத்தைப் பார்த்து, மனிதன் கைபடாத ஆதி காடு என்று மயங்குகிறவர் பலர். உண்மை அதற்கு நேர்மாறானது. 1902ஆம் ஆண்டு முதல் பேராக் வன இலாகாவின் நிர்வாகத்திலிருக்கும் இந்தக் காடு, வருஷந்தோறும் கணக்கிட்டு வெட்டப்படுகிறது. முப்பது வருஷத்துக்கு ஒரு சுற்று என்பது கிரமம். வெட்டிய இடத்தில் தானாகக் கன்று முளைக்காவிட்டால் முளைவிட்ட விதைகளைக் கொண்டுவந்து நடுகிறார்கள். பதினைந்தாம் வருஷம் நாலடிக் கழியொன்றை எடுத்துக்கொண்டு போய், நிறுத்த வேண்டிய நல்ல மரத்தைச் சுற்றி அக்கழி எட்டும் தூரத்திலுள்ளவற்றைக் களைகிறார்கள். இருபதாம் வருஷம் கழி ஆறடியாகிறது. களைந்த கம்பங்கள் கட்டட வேலைக்கும் அஸ்திவாரத்துக்கும் போகின்றன. முப்பதாம் வருஷம் அந்தப் பகுதி முழுவதும் வெட்டப்பட்டு, கரிச் சூளைக்குப் போகிறது. ஆற்றங்கரையோரமாக ஒரு வரிசை மரங்களை மட்டும், கரை சரியாமலிருக்க, தொடாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த முறையைக் குறை சொல்வோரும் உண்டு. ஒரே இன மரத்தையே திரும்பத் திரும்ப வளர்த்தால் காட்டின் பன்மை குன்றும் என்று தாவர சாஸ்திரிகள் கூறுவதை மறுக்க முடியாது.

ஆனாலும், கிந்தா பள்ளத்தாக்கிலிருந்து போகிற ஒருவருக்கு இந்த நாலடிக் கழி பெரிய ஆச்சரியத்தைத் தரவேண்டும். நம் பக்கத்தில் பூமியைத் தோண்டி ஈயத்தை எடுத்தவர்கள், மணல்மேடுகளையும் குட்டைகளையும் விட்டுவிட்டுப் போனார்கள். பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங் சாலையில், 1938இல் கட்டிய ஈயம் வாரும் மிதவைக் கப்பல் இன்று காட்சிப் பொருளாய் நிற்கிறது. காட்டை அழித்துப் போட்ட பால்மரத் தோட்டங்களோ எண்ணெய்ப்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறின. லயன் வீடுகள் இருந்த இடம்கூடப் பல தோட்டங்களில் தெரியவில்லை. அதே மாநிலத்தில், அதே காலத்தில், அதே வெள்ளைக்கார ஆட்சியின் கீழ், ஒரு பகுதிக் காடு மட்டும் வெட்ட வெட்ட மீண்டு வந்திருக்கிறது. எடுக்கிறவன் முப்பது வருஷம் பொறுத்திருக்க வேண்டுமென்று சட்டம் கட்டிப்போட்டதுதான் வித்தியாசம்.

வெட்டிய மரம் என்னாகிறது என்பதைப் பார்க்க விரும்புவோர் கோலா செப்பெத்தாங் ஊருக்குள்ளேயே கரித் தொழிற்சாலைகளுக்குப் போகலாம். செங்கல்லும் களிமண்ணும் கொண்டு அரைக்கோள வடிவில் எழுப்பிய, வாசல் மட்டும் திறந்த சூளைகள் வரிசையாக நிற்கின்றன. மரப்பட்டையை உரித்து, கட்டைகளை நிமிர்த்தி உள்ளே அடுக்கி, வாசலைச் சுருக்கி அதன் முகப்பில் மட்டும் தீ மூட்டுகிறார்கள். உள்ளேயிருக்கும் கட்டை எரிவதில்லை. வெப்பத்தில் நாட்கணக்காக ஈரம் வற்றிக் கரியாகிறது. இரண்டு கட்டமாகச் சூடேற்றுதல், அதன்பின் எல்லாத் துவாரங்களையும் அடைத்து ஆறவிடுதல் என்று மொத்தம் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆகிறது. உள்ளே என்ன நடக்கிறதென்பதைச் சூளைக்காரர் அறிவது, வெளிவரும் புகையின் நிறத்தாலும் மணத்தாலும்தான். சுமார் 40 டன் பச்சைமரம் வைத்தால் சுமார் 10 டன் கரி கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ஜப்பானுக்கு ஏற்றுமதியாகிறது.

காட்டுக்குள் போக இரண்டாவது வழி படகு. செப்பெத்தாங் ஆற்றில் இறங்கினால், கழிமுகத்தை நோக்கிப் போகப் போக, மரக்கால்களின்மேல் நிற்கும் கோலா சங்கா மீனவர் குடியிருப்பும், மீன் வளர்க்கும் கூண்டுகளும், கெராங் என்னும் சிப்பி விளையும் சேற்றுத் திட்டுகளும் ஒவ்வொன்றாக வருகின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் கழிமுகத்தில் டால்பினைக் காணலாம். நம்மவர் தொழுது கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன் இங்கே கூட்டமாகப் பறக்கிறது. படகோட்டிகள் கோழித்தோலை வீசி அவற்றை அழைத்துக் காட்டுவது இலவச உபசாரமாகத் தோன்றினாலும், பறவையின் வேட்டைப் பழக்கத்தைக் கெடுக்கும் காரியம் என்றே நான் கருதுகிறேன். வடகோடியிலுள்ள கோலா கூலா, உலகில் அருகிவரும் பால்நாரைக்கும், வடதேசத்திலிருந்து பருவந்தோறும் வந்து இறங்கும் கரைப்பறவைகளுக்கும் பேர்பெற்ற இடம்.

இந்தச் சேற்றுக்குள் மனிதர் வந்தது நூற்றைம்பது வருஷத்துச் செய்தியன்று. வனத்துக்குள்ளேயே கோலா செலின்சிங் என்ற இடத்தில், தொல்லியலாளர் ஐவர் எவன்ஸ் அகழ்ந்தபோது, ஆயிரம் வருஷங்களுக்கும் முன்பே மக்கள் வாழ்ந்து, மணி செய்து, தங்கள் இறந்தோரைப் படகில் வைத்துப் புதைத்ததற்கான அடையாளங்கள் வெளிப்பட்டன. ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்று பல்லவ லிபியில் பொறித்த சூதுபவள முத்திரையொன்றும் அங்கே கிடைத்தது. அந்த விஷ்ணுவர்மன் யார் என்பது இன்றுவரை விவாதத்துக்குரியது. அதை வைத்துக்கொண்டு தமிழர் ராஜ்யமே இங்கிருந்தது என்று முழங்குவது அதிகப்பிரசங்கம். ஆனால் ரயில் பாதையின் பெயர்ப்பலகைக்கு வெகுகாலம் முன்பே தென்னிந்திய எழுத்து இந்தக் கரையை எட்டியிருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

இரவில் தங்குகிறவர்களுக்குத்தான் முக்கியமான காட்சி. ஆற்றில் உள்ளே சென்றால் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் பகுதியில் பெரெம்பாங் மரங்கள் நிற்கின்றன. இருட்டியதும் அவற்றில் மின்மினிகள் கூடுகின்றன. பெண் பூச்சிகளைக் கவர ஆண் பூச்சிகள் விடும் ஒளி, முதலில் தாறுமாறாகத் தொடங்கி, சிறிது நேரத்தில் மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மினுங்கி அணையும். கிருஷ்ணபக்ஷத்து இரவாகப் பார்த்துப் போனால் நன்று. நிலவொளியில் பாதி சோபை போய்விடும். கைவிளக்கை மரத்தின்மேல் அடிப்பதும், கேமரா வெளிச்சம் போடுவதும் பூச்சிகளுக்கு இடைஞ்சல். ஒருவர் செய்தாலும் படகிலிருக்கும் அத்தனை பேரும் இழக்கிறார்கள்.

பேராக்கிலுள்ள நம் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டிறுதியில் மாணவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்து வழக்கம்போல் நீர்விளையாட்டுப் பூங்காவை நோக்கியே போகட்டும். ஆனால் ஒரு வருஷமாவது அதைத் தைப்பிங் பக்கம் திருப்புங்கள். 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் காலையில், கரிச் சூளையும் பலகைப் பாதையும் நடுப்பகலில், படகு மாலையில் என்று ஒரே நாளில் முடித்துவிடலாம். முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டித் தைலமும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.