பூச்சாடியில் இருந்து நிலத்துக்கு

பிரிஸ்பேனில் எங்கள் கறிவேப்பிலை ஏழு வருடம் பூச்சாடியிலேயே நின்றது. மூன்று வாடகை வீடுகள் மாறினோம். ஒவ்வொரு முறையும் காரின் பின் இருக்கையில் அதற்கும் ஓர் இடம். தற்காலிக விசாவில் இருந்துகொண்டு மரத்தை நிலத்தில் நட மனம் வரவில்லை. இப்போது வளவில் நட்டுவிட்டோம். புதிதாக இந்தப் பக்கம் குடிவரும் உறவுகள் அடிக்கடி கேட்பதால், தெரிந்ததை எழுதுகிறோம்.

ஊரில் இருந்து ஒரு கன்று கொண்டுவர முடியாதா என்பதுதான் முதல் கேள்வி. முடியாது. கறிவேப்பிலையும் தோடை, எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம். தோடை மரங்களை அழிக்கும் 'சிட்ரஸ் கிரீனிங்' நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அந்த நோய் அவுஸ்திரேலியாவுக்குள் வரவில்லை. அதனால் பச்சை இலைகூட விமான நிலையத்தைத் தாண்டாது. இங்குள்ளவர்களிடம்தான் கேட்க வேண்டும். வளர்ந்த மரத்தின் வேரில் இருந்து பக்கக்கன்றுகள் வெடிக்கும். கோடை தொடங்கும்போது வேர்த்துண்டோடு வெட்டி எடுத்து, நிழலில் வைத்துத் தேற்றலாம். எங்களுக்குத் தந்த அக்காவுக்கும் அவவுக்கு முந்தி வந்த ஒரு குடும்பம்தான் கொடுத்ததாம்.

வாழைக்கு அப்படிச் செய்யாதீர்கள். நுனி இலைகள் குறுகிக் கொத்தாக நின்றுவிடும் வைரஸ் நோய் குட்டியோடு சேர்ந்தே பயணிக்கும். குயின்ஸ்லாந்தில் வாழை நடுவதற்குத் தனி விதிகள் உண்டு. மாநில அரசின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு நடுங்கள்.

எங்களை அதிகம் குழப்பியது காலம். யாழ்ப்பாணத்தில் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை. இங்கே டிசெம்பர் முதல் மார்ச் வரை வெயிலும் மழையும் ஒன்றாக வரும். யூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை இரவில் 10 பாகைக்குக் கிட்ட இறங்கும். கறிவேப்பிலை மஞ்சளாகிக் கொட்டும். முதல் வருடம் மரம் பட்டுப்போகிறது என்று பயந்து தண்ணீரை அள்ளி ஊற்றினோம், பசளையும் போட்டோம். இரண்டும் பிழை. குளிரில் அதை அதன்பாட்டில் விடவேண்டும். செப்டெம்பரில் தளிர் வரும்.

முருங்கையும் குளிரில் இலை உதிர்க்கும். ஓகஸ்ட் கடைசியில் நெஞ்சளவு உயரத்தில் வெட்டிவிட்டால், கொக்கத்தடி இல்லாமலே வறைக்கு இலை ஒடிக்கலாம். ஆனால் பல வளவுகளில் களிமண். அலவாங்கு போட்டாலும் இறங்காது, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். எங்கள் முதல் முருங்கை வேரழுகிச் செத்தது. இரண்டாவதை முழங்கால் உயர மண்மேட்டில் நட்டோம், நிற்கிறது. மேட்டை மூடிப் பரப்பிய சருகை பிரஷ் டர்க்கி கிளறி எறியும். அது சட்டம் பாதுகாக்கும் பறவை. நீங்கள் ஏசலாம், அவ்வளவுதான்.

மாமரம் பூப்பது குளிர்காலத்தில். ஊரில் வைகாசி, ஆனியில் தின்ற மாம்பழம் எங்களுக்கு இப்போது தைப்பொங்கலுக்கு வருகிறது. அம்மாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் விடிந்தால் தேத்தண்ணிக் கோப்பையோடு பிஞ்சுகளை எண்ணத் தொடங்கிவிடுவா.

போன சனிக்கிழமை ஒரு குடும்பம் வந்து கறிவேப்பிலைக் கன்று கேட்டது. எங்கள் மரத்தில் இருந்து போகும் ஐந்தாவது கன்று. அவர்களுக்கு விசா முடிவு இன்னும் வரவில்லை. எங்கள் பழைய பூச்சாடியையும் சேர்த்தே கொடுத்துவிட்டோம்.