தேயிலை விலை ஏறினால் நம் சம்பளம் ஏறுமா?



போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் இறக்கக்கண்டி. திருகோணமலையில் இருந்து நிலாவெளி தாண்டிப் புல்மோட்டை போகிற வழியில் இருக்கிற கடலோரக் கிராமம். காலையில் கரைவலை இழுத்து முடிந்ததும் மீன் மணலிலேயே விலையானது. பக்கத்தில் நின்ற என் மச்சான் கேட்டார்: "மச்சான், உங்கட தோட்டத்து ஆக்கள் பறிக்கிற தேயிலை கிலோ என்ன விலைக்குப் போகுது? அதில அவையளுக்கு எவ்வளவு பங்கு?"

இத்தனை வருஷம் நலன்புரி உத்தியோகத்தர் வேலை பார்க்கிறேன், சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. தோட்டத்துக்குத் திரும்பி வந்து விசாரித்தேன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பங்கும் கூலியும்

கரைவலையில் வலைச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு, செலவு கழித்து இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. எவ்வளவு மீன் பட்டது, என்ன விலைக்குப் போனது என்று இழுத்த எல்லாருக்கும் தெரியும். மீன் படாத நாளில் கையில் ஒன்றும் இல்லை. பட்ட நாளில் எல்லாருக்கும் ஏதோ கூடுகிறது.

தோட்டத்தில் அப்படி இல்லை. நமக்கு நாட்சம்பளம். தேயிலை விலை விழுந்தாலும் ஏறினாலும் பேர் போட்டால் அதே சம்பளம்தான். இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதே நேரம் தேயிலை நல்ல விலைக்குப் போனாலும் அது தானாக நம் கைக்கு வந்து சேராது. யாராவது கேட்டு வாங்க வேண்டும். தொழிற்சங்கம் என்று ஒன்று ஏற்பட்டதே அதற்காகத்தான்.

தேயிலை எங்கே விலையாகிறது?

நாம் பறிக்கிற கொழுந்து தொழிற்சாலையில் தேயிலையாகி, தரகர் மூலம் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. இந்த ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி ஆரம்பமானது. 2020இல் இருந்து கணினி வழியாக நடக்கிறது. ஈராக், ரஷ்யா, துருக்கி போன்ற நாடுகளுக்கு அனுப்புகிற வியாபாரிகள் அங்கேதான் வாங்குகிறார்கள். அந்த நாடுகளில் ஏதாவது நடந்தால் ஏலம் ஆடும். 2017 டிசம்பரில் ரஷ்யாவுக்குப் போன தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று சொல்லி அந்த நாடு நம் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஒரு வண்டு மலைநாடு முழுவதையும் கவலைப்பட வைத்தது.

ஒரு கிலோ தேயிலை செய்ய ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு அக்கா நாளைக்கு 18 கிலோ பறித்தால் அது 4 கிலோ தேயிலை. இதை மனசில் வைத்துக்கொண்டு கீழே உள்ள கணக்கைப் பாருங்கள்.

2021இல் ஏலத்தில் சராசரி விலை கிலோ 620 ரூபா அளவில் இருந்தது. 4 கிலோவுக்கு 2,480 ரூபா. அந்த வருஷம் நாட்சம்பளம் 1,000 ரூபா.

2022இல் சராசரி விலை 1,270 ரூபா அளவுக்குப் போனது. 4 கிலோவுக்கு 5,080 ரூபா. நாட்சம்பளம் அதே 1,000 ரூபா.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மீதி முழுவதும் லாபம் இல்லை. கவ்வாத்து, புல்வெட்டு, உரம், விறகு, டீசல், தொழிற்சாலைக் கூலி எல்லாம் அதற்குள்தான். 2021இல் இரசாயன உரம் தடை செய்யப்பட்டதால் 2022இல் நாட்டின் மொத்தத் தேயிலை சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. அதற்கு முந்திய வருஷம் சுமார் 30 கோடி கிலோ. கம்பனிகள் இதைச் சொல்கின்றன, அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் விலை இரண்டு மடங்கான வருஷத்தில் சம்பளம் ஒரு சதமும் அசையவில்லை என்பதும் உண்மைதான்.

சொந்தமாகச் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவரின் நிலை வேறு. அவர் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுத்தால், ஏலத்தில் கிடைத்த விலையில் 68 வீதம் அவருக்குச் சேர வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. விலை ஏறினால் அவர் பங்கும் ஏறும். தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

டொலரும் கோதுமை மாவும்

2022இல் தேயிலை விலை ஏன் அப்படி ஏறியது? உலகம் திடீரென்று கூடுதலாகத் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கவில்லை. நம் ரூபா விழுந்தது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ரூபா அளவுக்குப் போனது. தேயிலை டொலருக்கு விற்கப்படுவதால் ரூபாக் கணக்கில் விலை கூடியது.

அதே டொலர்தான் நம் அடுப்படிக்கும் வந்தது. எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் கோதுமைக் கப்பல் வரும். சீனன்குடாவில் 1980இல் இருந்து பிறீமா மா ஆலை ஓடுகிறது. அங்கே அரைத்த மா மூட்டை லொறி ஏறி ஹட்டன், பதுளை, பண்டாரவளை வரைக்கும் போய் நம் லயத்தில் ரொட்டியாகிறது. கோதுமை டொலர் கொடுத்து வாங்குவது. 2021 தொடக்கத்தில் கிலோ 100 ரூபாவுக்குக் குறைவாக இருந்த மா, 2022இல் 300 ரூபாவையும் தாண்டியது. ஒரு நாள் சம்பளத்துக்குப் பத்துக் கிலோ மா வாங்கிய குடும்பம் மூன்று கிலோ வாங்க முடியாமல் தவித்தது.

டொலர் ஏறியபோது விற்கிற தேயிலைக்கு விலை கூடியது, வாங்குகிற மாவுக்கும் விலை கூடியது. நடுவில் நின்ற நாட்சம்பளம் மட்டும் ரூபாவில் அப்படியே நின்றது. அந்த வருஷம் நம் வீடுகளில் ஏன் அப்படிக் கஷ்டம் என்பதற்கு இதுவே காரணம்.

சம்பளம் எப்படி ஏறியது?

சும்மா ஏறவில்லை. 1927ஆம் வருஷச் சட்டத்தின் கீழ்தான் தோட்டத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வந்தது. அதிலும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாட்டுப் பாடி ஆட்களைச் சேர்த்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர் விட்டார். 1984 ஏப்ரலில் பல சங்கங்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. இன்று கொழுந்து பறிக்கிற அக்காமார் வாங்குகிற முழுச் சம்பளத்துக்குப் பின்னால் இத்தனை வருஷம் இருக்கிறது.

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பிறகு கூட்டு ஒப்பந்தம் மூலம் சம்பளம் பேசப்பட்டது. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. 2021இல் பேச்சு முறிந்து, சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வந்தது. 2024 மே தினத்தில் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின, அது நின்றது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானது. 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாச் சம்பளமும் அரசாங்கம் தருகிற 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது.

"சங்கம் சந்தா வாங்குது, வேற என்னா செஞ்சிச்சி?" என்று லயத்தில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. சங்கங்கள் பலதாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று திட்டி, தேர்தலுக்கு மட்டும் தோட்டத்துக்கு வந்த காலமும் உண்டு. ஆனாலும் மேலே சொன்ன வருஷங்களைத் திரும்பப் பாருங்கள். சேர்ந்து நின்ற நேரம் கிடைத்தது. பிரிந்து நின்ற நேரம் இழுபட்டது.

சுதந்திர வர்த்தகம் என்றால்?

நாட்டுக்கு நாடு வரியைக் குறைத்துச் சாமான் போக வர விடுவதுதான் சுதந்திர வர்த்தகம். 1977இல் இருந்து நம் நாடு அந்த வழியில் போகிறது. இந்தியாவோடு 1998இல் ஒப்பந்தம் எழுதி 2000இல் நடைமுறைக்கு வந்தது. பெயர் சுதந்திரம்தான், ஆனாலும் வரிச் சலுகையில் போகிற நம் தேயிலைக்கு வருஷம் ஒன்றரைக் கோடி கிலோ என்று எல்லை போட்டார்கள். அந்த நாட்டுத் தேயிலைக்காரருக்கும் பயம் இருக்கும் அல்லவா?

ஐரோப்பிய நாடுகள் தருகிற ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையில் வேறொரு நிபந்தனை இருக்கிறது. தொழிலாளி சங்கம் சேருகிற உரிமையை அரசாங்கம் காப்பாற்ற வேண்டும். 2010இல் மனித உரிமைக் காரணங்களால் அந்தச் சலுகை பறிபோய் 2017இல் திரும்பக் கிடைத்தது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கட்டுநாயக்க வலயத்தில் தைக்கிறார்கள். அவர்கள் தைக்கிற உடுப்பில் ஒரு பகுதி இந்தச் சலுகையில் கப்பல் ஏறுகிறது. ஆகவே சங்கம் சேருவது நாட்டுக்குக் கெடுதல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தொழிலாளிக்குள்ளேயே மேடு பள்ளம்

இப்போது எனக்குப் பெரிய கவலை இதுதான். 1992இல் கம்பனித் தோட்டங்களில் பதிவுத் தொழிலாளர் மூன்று இலட்சத்துக்கு மேல். இன்று அதில் பாதிகூட இல்லை. ஒரே மலையில் மூன்று விதமான ஆட்கள் நிற்கிறார்கள். செக்ரோலில் பேர் உள்ளவர் ஒருவர். கைக்காசுக்குப் பறிப்பவர் ஒருவர். வெளியார் உற்பத்தி முறையில் தேயிலை நிலத்தை எடுத்துப் பராமரித்து, கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு வாங்குகிறவர் இன்னொருவர். கொழுந்து ஒன்றுதான், ஏலமும் ஒன்றுதான். உரிமை மட்டும் மூன்று விதம்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஒரு அம்மா பதினொரு வருஷம் கைக்காசுக்குப் பறித்தவர். கண் தெரியாமல் போய் வேலையை நிறுத்தியதும் என்னிடம் வந்தார். "ஐயா, என் ஈ.பி.எப். காசு எடுத்துத் தாங்க." தேடினேன். அவர் பேரில் ஒரு சதமும் கட்டப்படவில்லை. கையில் ஒரு சம்பளத் துண்டும் இல்லை. முறைப்பாடு எழுதினோம், ஆனால் வேலை செய்ததற்கு எழுத்தில் ஆதாரம் காட்ட முடியவில்லை. அந்த அம்மாவிடம் "இல்லை" என்று சொன்ன நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் வேலையில் இருந்தபோதே நான் அந்தப் பதிவுகளைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நிரந்தரமோ தற்காலிகமோ கைக்காசோ, ஒருவரிடம் கூலிக்கு வேலை செய்தால் முதல் நாளில் இருந்தே ஊழியர் சேமலாப நிதி உண்டு. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். 1,350 ரூபாப்படி மாதம் 20 நாள் வேலை என்றால் சம்பளம் 27,000 ரூபா. அதில் சேமலாப நிதிக்கு மாதம் 5,400 ரூபா சேர வேண்டும். அதில் 3,240 ரூபா முதலாளியின் காசு. நம்பிக்கை நிதிக்கு 810 ரூபா வேறு. ஐந்து வருஷம் முடித்து விலகினால், வருஷத்துக்கு 14 நாள் சம்பளப்படி சேவைக்காலப் பணமும் உண்டு. 20 வருஷம் செய்தவருக்கு அந்தக் கணக்கில் 378,000 ரூபா.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

1. சம்பளத் துண்டை எறிய வேண்டாம். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். பேர், கிலோ, கழிவு மூன்றையும் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

2. கைக்காசுக்குப் போகிறவர்கள் ஒரு கொப்பி வாங்கி நாள், கிலோ, வாங்கிய காசு எழுதி வையுங்கள். ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

3. வெளியார் முறைக்குக் கையெழுத்து வைக்க முன் கடதாசியைத் தமிழில் கேட்டு வாங்கி, தலைவரோடும் வீட்டாரோடும் வாசியுங்கள். செக்ரோல் பேர் போகுமா, சேவைக்காலம் அறுபடுமா என்று கேளுங்கள்.

4. எந்தச் சங்கம் என்பது உங்கள் விருப்பம். ஒரு வேலைத்தலத்தில் 40 வீதம் பேரை அங்கத்தவராக வைத்திருக்கிற சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. இது 1999ஆம் வருஷச் சட்டம். கைக்காசு ஆட்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தலைவரிடம் கேளுங்கள். அவர்களை ஒதுக்கினால் நாளைக்கு எல்லாரையும் கைக்காசு ஆக்குவது லேசாகிவிடும்.

மச்சானுக்கு இப்போது பதில் வைத்திருக்கிறேன். தோட்டத்தில் பங்கு யாரும் பிரித்துக் கொடுப்பதில்லை. சேர்ந்து நின்று கேட்டால்தான் வரும். கரைவலையில் ஒரு பக்கத்துக் கயிற்றை விட்டால் மீன் முழுக்க அந்தப் பக்கமாய்ப் போய்விடும். அது இறக்கக்கண்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சம்பளத் துண்டில் புரியாதது இருந்தால் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.