மின்சார வண்டி வாங்குமுன் ஒழுங்கையை அளப்போம்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தோம். ஏழெட்டு இடம் மாறி, இப்போது உறவினர் ஒருவரின் வளவில் இருக்கிறார்கள். அண்டையில் நாலு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயமும் கத்தரியும் செய்கிறார்கள். வீட்டுத் தலைவருக்கு அறுபது கடந்துவிட்டது. மிதிவெடியில் ஒரு கால் முழங்காலுக்கு மேலே போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. செயற்கைக் காலோடும் ஊன்றுகோலோடும் இதுவரை தோட்டம் செய்தவர். இப்பொழுது மற்றக் காலின் முழங்காலும் தேய்ந்துவிட்டது. கனடாவில் இருக்கும் மகன் மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்கப் பணம் அனுப்ப ஆயத்தமாக இருந்தார். வண்டியின் படமும் வந்திருந்தது. சிவப்பு நிறம், முன்னால் கூடை, பக்கத்தில் கண்ணாடி. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஐயா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உது என்னைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகுமோ?"

அங்கிருந்த ஒருவராலும் விடை சொல்ல முடியவில்லை. அதே ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி, இதேபோல வெளிநாட்டு உறவினர் அனுப்பிய வண்டி ஒன்று மாட்டுக் கொட்டிலில் நிற்பதை நாம் கண்டோம். அதன் இருக்கையில் கோழி அடை கிடந்தது. வந்த முதல் மழைக்காலத்துடன் அதன் ஓட்டம் முடிந்துவிட்டதாம். பெருந்தொகைப் பணம் அப்படி முடங்கிப்போவதைப் பார்த்த பின்னரே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் இங்கே பேசுவது, நாற்காலி போன்ற இருக்கையில் அமர்ந்து, முன்னால் உள்ள கைபிடியைத் திருப்பி ஓட்டும் மூன்று அல்லது நான்கு சில்லு மின்வண்டியைப் பற்றியே. வீதியில் இளைஞர் ஓடும் மின்சார மோட்டார் சைக்கிளைப் பற்றியல்ல. இவ்வண்டி பிறந்த கதையை அறிந்தால் அதன் குணமும் விளங்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குழாய் வேலை செய்துவந்த அலன் தீம் என்பவர், நரம்பு நோயால் நடக்கச் சிரமப்பட்ட தமது குடும்பத்தவர் ஒருவருக்காக 1968 இல் இத்தகைய வண்டியைச் செய்தார். 'அமிகோ' என்று அதற்குப் பெயர். வீட்டுத் தளத்திலும் கடைகளின் வழுவழுப்பான தரையிலும் ஓடவே அது உருவானது. ஏறுபவர் ஓரிரு அடியாவது எடுத்து வைக்கக் கூடியவர், துணையின்றி நிமிர்ந்து இருக்கக் கூடியவர், இரு கையாலும் பிடிக்கக் கூடியவர் என்ற எண்ணத்துடனேயே இன்றைக்கும் இவ்வகை வண்டிகளைச் செய்கிறார்கள். எமது ஒழுங்கையை அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

குடாநாடு தட்டையான பூமி. மலை ஏற்றம் எமக்குக் கவலையில்லை. ஆனால் தட்டை என்பதால் இலகு என்று எண்ணிவிடக் கூடாது. வலிகாமத்துச் செம்மண் கோடையில் கல்லாக இறுகும். மாரியில் சில்லைச் சுற்றி அப்பம்போல ஒட்டிக்கொள்ளும். வடக்கே கரைப்பக்கம் போகப்போக சுண்ணக்கல் தலை நீட்டி நிற்கும். வடமராட்சி கிழக்கிலும் தென்மராட்சியின் சில பகுதிகளிலும் மணல். மணலில் சிறு சில்லு உருளாது, புதையும். காரில் கழற்றி ஏற்றக்கூடிய சிறிய மின்வண்டிகளுக்குக் காற்றில்லாத கட்டி ரயரே வருகிறது. அடித்தட்டுக்கும் தரைக்கும் இடையில் மூன்று விரல் உயரம்கூட இல்லாதவையும் உண்டு. பெரிய வண்டிகளுக்குக் காற்றடைத்த அகன்ற ரயர் இருக்கும், அடித்தட்டும் உயரம். ஆனால் எடை 100 கிலோவைத் தாண்டும். வழியில் நின்றுவிட்டால் வீட்டிலுள்ள பெண்ணும் பிள்ளையும் அதைத் தூக்க முடியாது.

லான்ட்மாஸ்டர் ஓடி ஓடி இரு தடம் விழுந்த தோட்டப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். மின்வண்டியின் அகலம் அத்தடங்களுக்குப் பொருந்தாது. ஒரு பக்கச் சில்லு பள்ளத்திலும் மறுபக்கச் சில்லு நடுமேட்டிலும் போகும், வண்டி சரியும். மூன்று சில்லு வண்டி குறுகிய இடத்தில் நன்றாகத் திரும்பும், ஆனால் சரிவிலும் வேகமான திருப்பத்திலும் நான்கு சில்லைவிட விரைவில் கவிழும். ஒரு கால் இல்லாதவருக்கு உடற்பாரம் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆகையால் விலை கேட்கமுன் ஒரு நூலையோ அளவு நாடாவையோ எடுத்துக்கொண்டு வெளியே இறங்குங்கள். படலையின் அகலம் எவ்வளவு? வாசற்படி எத்தனை? ஒழுங்கையில் மதகு உண்டா, அதன் விளிம்பு உடைந்திருக்கிறதா? மழை பெய்தால் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும்? மோட்டார் பின் அச்சில் தாழ்வாக இருப்பதால் கணுக்கால் அளவு வெள்ளமே அதைக் கெடுத்துவிடும். இன்னும் ஒன்று. இன்றைக்கு இருக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. வலிகாமம் வடக்கின் காணிகள் கட்டம் கட்டமாகத்தான் விடப்பட்டன. போர் 2009 இல் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் திரும்பிப் போகாத குடும்பங்கள் பல. உங்கள் காணி விடப்பட்டு அங்கே போனால், பற்றை வெட்டிய வெறும் வளவும் பாதையில்லா ஒழுங்கையும்தான் முதலில் கிடைக்கும். அங்கும் இந்த வண்டி உதவுமா என்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது ஏறுபவரின் உடம்பு. ஒரே வண்டி எல்லாருக்கும் பொருந்தாது. பாரிசவாதத்தால் ஒரு கை தளர்ந்தவருக்கு இரு கைபிடி வண்டி ஆபத்து. பல வண்டிகளில் ஒரு பக்க நெம்பை அழுத்தினால் முன்னோக்கியும் மறுபக்க நெம்பை அழுத்தினால் பின்னோக்கியும் ஓடும். எந்தக் கை நல்லதோ அந்தப் பக்கத்துக்கு முன்னோட்டத்தை மாற்ற முடியுமா என்று கேட்டே வாங்க வேண்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: அழுத்தப் புண். ஸ்கூட்டரின் இருக்கை அவர்களுக்கென்று செய்யப்பட்டதல்ல. வலி தெரியாததால் புண் வந்ததே தெரியாது. ஆறுவதற்கு மாதங்கள் செல்லும், சிலருக்கு உயிரையே எடுக்கும். அவர்களுக்கு அளவெடுத்த சக்கர நாற்காலியும் நல்ல மெத்தையுமே முதல் தேவை. மின்சாரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீரிழிவுக்காரர் செருப்பில்லாக் காலை வண்டியின் தட்டில் உரசவிடக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வசதி குறைந்த நாடுகளுக்கென்று சக்கர நாற்காலி பற்றிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஏறுபவரின் தேவைக்கும் அவர் வாழும் இடத்துக்கும் பொருந்த வேண்டும், உடம்புக்கு அளவாக இருக்க வேண்டும், பாதுகாப்பாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், அந்த நாட்டிலேயே கட்டக்கூடிய செலவில் பழுதுபார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். மின்வண்டிக்கும் இதுவே பொருந்தும். யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கிய ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் செயற்கைக் கால், சக்கர நாற்காலி, முச்சக்கர வண்டி ஆகியவற்றில் நெடுங்காலம் பழகிய இடம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்கள் உள்ளனர். பணம் கொடுக்குமுன் இத்தகையோரிடம் ஒருமுறை ஆளையே கூட்டிச் சென்று காட்டுவது நன்று. கடைக்காரர் வண்டியைத்தான் அறிவார். ஆளை அறிய மாட்டார்.

கையால் சுற்றும் முச்சக்கர வண்டியைப் பழையதென்று ஒதுக்கிவிட வேண்டாம். அதன் சில்லு சைக்கிள் சில்லு. சங்கிலியும் சைக்கிள் சங்கிலியே. எந்தச் சந்தியிலும் திருத்தலாம். பெரிய சில்லு என்பதால் கல்லும் பள்ளமும் அதற்குப் பெரிதல்ல. குறை என்னவெனில் மணலில் தோள் நோகும்; வயது ஏற ஏற இழுக்க முடியாது. இதற்கு வழியாகச் சில்லின் நடுவில் சிறிய மின் மோட்டார் பூட்டும் முறை இன்று பரவி வருகிறது. சென்னையில் உள்ள ஐ.ஐ.டி. யில், சக்கர நாற்காலியின் முன்னால் பூட்டிக் கழற்றக்கூடிய 'நியோபோல்ட்' என்ற மோட்டார்ச் சில்லை உருவாக்கி 2021 இல் வெளியிட்டார்கள். வீட்டுக்குள் நாற்காலி, வெளியில் வண்டி என்பது அதன் கருத்து. செயற்கைக் காலுடன் நன்றாக நடக்கக் கூடியவர்களுக்குப் பக்கச் சில்லு பூட்டிய ஸ்கூட்டர் போதும். தமிழ்நாட்டு அரசு அத்தகைய பெற்றோல் ஸ்கூட்டர்களை இலவசமாக வழங்கி வந்திருக்கிறது. வீதியில் ஓட்டுவதாயின் பதிவு, அனுமதிப்பத்திரம் பற்றி முன்கூட்டியே மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும்.

இனிப் பற்றரி. கொட்டிலில் கோழி அடை கிடந்த வண்டியைக் கொன்றது மழை மட்டுமல்ல, பற்றரியும்தான் என்பது எமது கணிப்பு.

பொதுவாக இவ்வண்டிகளில் 12 வோல்ற் ஈயப் பற்றரிகள் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் 35 அம்பியர்-மணி என்றால் இரண்டிலும் சேர்ந்து 840 வாற்-மணி மின்சாரம் நிற்கும். ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால், வெறுமையான பற்றரியை நிரப்ப ஏறக்குறைய ஒரு யூனிற் செல்லும். ஆகவே மின் கட்டணம் பெரிய சுமையல்ல. சுமை, பற்றரியை மாற்றும் செலவு. ஈயப் பற்றரிக்கு வெப்பம் எமன். 25 பாகை செல்சியசுக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கணக்கு. தகரக் கொட்டிலுக்குள் வெயிலில் விடுவதும், வெறுமையாக்கி அப்படியே போட்டுவிடுவதும் அதைக் கொல்லும். ஓடிவந்த அன்றிரவே ஏற்ற வேண்டும். ஓடாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். பழுதானதும் லான்ட்மாஸ்டர் பற்றரியைப் பூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அது இயந்திரத்தைக் கிளப்பச் செய்யப்பட்டது. மெல்ல மெல்ல முழுவதும் இறக்கினால் சில மாதத்தில் இறந்துவிடும். லிதியம் பற்றரி எடை குறைந்தது, நீண்ட காலம் உழைப்பது. விலை அதிகம். அதற்குரிய சார்ஜரைத் தவிர வேறெதையும் செருகக் கூடாது.

சார்ஜர் என்றதும் வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. கனடாவில் மின்சாரம் 120 வோல்ற். இங்கே 230 வோல்ற். அங்கிருந்து வந்த சார்ஜரை இங்கே செருகினால் அந்த நிமிடமே கருகலாம். சார்ஜரின் முதுகில் 100-240 வோல்ற் என்று பொறித்திருந்தால் பயமில்லை. இங்கிலாந்து, ஐரோப்பாவிலிருந்து வருவனவற்றுக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. பாவித்த வண்டியைக் கொள்கலனில் அனுப்புபவர்கள், அது இங்கு வந்து சேரும்வரை பற்றரி ஏற்றப்படாமல் கிடக்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

ஒரு ஏற்றத்தில் 30 கிலோமீற்றர் ஓடும் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். புதிய பற்றரியில், நல்ல தார் வீதியில், எடை குறைந்த ஆள் ஓடிய கணக்கு அது. எமது பாதைகளுக்குப் பாதி என்று கொள்வதே புத்தி. போவதற்கு மட்டுமல்ல, திரும்பி வருவதற்கும் மின்சாரம் வேண்டுமே. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் கையால் சுற்றியோ தள்ளியோ வீடு சேரக்கூடிய வண்டியா இது?

தள்ளுவது பற்றியும் சொல்லிவிட வேண்டும். நெம்பை விட்டதும் மின்வண்டியின் பிறேக் தானாகப் பிடிக்கும். பின்னாலுள்ள சிறு பிடியை மாற்றினால்தான் தள்ள முடியும்; மாற்றியபின் பிறேக்கே இல்லை. ஆளை இருத்தியபடி பிள்ளைகள் அப்படித் தள்ளி மதகுச் சரிவில் விட்டால் விபத்து நிச்சயம். வண்டி வந்த அன்றே இதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் காட்டிக் கொடுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன ஐயாவின் வீட்டில் அன்று ஒரு முடிவும் எடுக்கவில்லை. மகனுடன் தொலைபேசியில் பேசி, பணத்தை இரண்டு மாதம் பொறுத்து அனுப்பச் சொன்னார்கள். இடையில் இரவல் வாங்கிய சிறிய மின்வண்டி ஒன்றை ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தார். கிணற்றடிக்கு இருபது யார் இருக்கையிலேயே அடித்தட்டு கல்லில் தட்டி நின்றது. பின்னர் பெரிய சில்லுக் கை முச்சக்கர வண்டியில் மோட்டார் பூட்டியதை ஓட்டினார். அது வாய்க்கால் கரைவரை போனது. இறங்கி ஊன்றுகோலில் நாலடி வைத்துத் தொட்டிக் கட்டில் அமர்ந்துகொண்டார். மகனுக்கு அந்த வண்டியின் தோற்றம் அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம். "நான்தானே அதிலை இருக்கப்போறன்" என்று ஐயா சொல்லிவிட்டார்.

வண்டி படலையைவிட நாலு விரற்கடை அகலம். நாம் மறுமுறை போனபோது படலைத் தூணைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள்.