குழந்தைக்கு வரும் முட்டு பின்னாளில் தொய்வாக மாறுமா?



இங்கே பிரித்தானியாவில் குளிர்காலம் தொடங்கினால், குழந்தைகள் பிரிவில் தாதியாக வேலை செய்யும் என்னிடம் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைக்குத் தடிமன் வந்தாலே முட்டும் வருகிறது. இது ஆஸ்துமாவா? ஆயுள் முழுக்க இருக்குமா?" வானொலி உரையில் இதற்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

முட்டு, இழுப்பு, வீசிங் என்று ஊருக்கு ஊர் பெயர் வேறு. ஆனால் அது ஓர் அறிகுறி மட்டுமே. தொய்வு எனப்படும் ஆஸ்துமா ஒரு நோய். சிறு குழந்தையின் மூச்சுக் குழாய்கள் மிகவும் ஒடுங்கியவை. தடிமன் கிருமியால் அவை சற்று வீங்கிச் சளியும் சேர்ந்தால், மூச்சை வெளியே விடும்போது விசில் போன்ற சத்தம் கேட்கும். பிள்ளை வளர, குழாயும் வளரும்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், 1980இல் தொடங்கி 1,246 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். 1995இல் வெளியான முடிவின்படி, மூன்று பேரில் ஒருவருக்கு மூன்று வயதுக்குள் முட்டு வந்திருந்தது. அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. இப்படி முட்டு நின்றுபோன பிள்ளைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நுரையீரலின் திறன் குறைவாக இருந்தது. புகைபிடித்த தாய்மாரின் பிள்ளைகள் இவர்களில் அதிகம். முட்டு விடாமல் தொடர்ந்த பிள்ளைகளிடம் கண்டது வேறு: தாய்க்கு ஆஸ்துமா, பிள்ளையின் இரத்தத்தில் ஒவ்வாமைக்கான அடையாளம்.

அப்படியானால் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்? அதே ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஒரு கணிப்பு முறையைத் தந்தார்கள். மூன்று வயதுக்குள் அடிக்கடி முட்டு வரும் பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தாலோ, பிள்ளைக்கு எக்ஸிமா இருந்தாலோ கவனம் தேவை. இவை இல்லாவிட்டாலும் ஒவ்வாமையால் மூக்கு ஒழுகுதல், தடிமன் இல்லாதபோதும் முட்டு, இரத்தத்தில் இயோசினோபில் அணுக்கள் கூடியிருத்தல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலும் அப்படியே. இந்தக் கணிப்பில் சேராத பிள்ளைகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் 6 முதல் 13 வயது வரை ஆஸ்துமா இல்லாமல் இருந்தார்கள். கணிப்பில் சேர்ந்தால் நோய் நிச்சயம் என்று அர்த்தமல்ல.

இனி 'பம்ப்' பற்றி. "பிள்ளைக்குப் பழகிவிடும்" என்று பயந்து அதை ஒளித்து வைப்பவர்கள் உண்டு. நீல நிறப் பம்ப் மூச்சுக் குழாயைத் திறக்கும் மருந்து. அதற்குப் பிள்ளை அடிமையாவதில்லை. முகமூடி பொருத்திய ஸ்பேசர் மூலம், வைத்தியர் சொன்ன அளவில் கொடுங்கள். தினமும் ஸ்டீராய்டு பம்ப் கொடுத்தால் பிற்காலத்தில் ஆஸ்துமா வராது என்று நம்புபவர்களும் உண்டு. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபத்துக் கூடிய 285 சிறுவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வருடங்கள் அந்த மருந்தைக் கொடுத்தார்கள். கொடுத்த காலத்தில் தொல்லை குறைந்தது. நிறுத்திய அடுத்த வருடத்தில் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மருந்து இன்றைய மூச்சுக்கு உதவும். நாளைய நோயை அது தடுப்பதில்லை. ஆனாலும் வைத்தியர் தொடரச் சொன்ன மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நம் கையில் இருப்பவையும் உண்டு. வீட்டிலும் காரிலும் யாரும் புகைக்க வேண்டாம். சுவரில் பூஞ்சணம் பிடிக்க விடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு 28ஆவது வாரம் முதல் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி 2024 செப்டம்பரிலிருந்து இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. பிறக்கும் குழந்தையை முதல் மாதங்களில் கடுமையான நெஞ்சுத் தொற்றிலிருந்து அது காக்கும்.

மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே இழுபட்டால், பிள்ளை பால் குடிக்கவோ பேசவோ முடியாமல் தவித்தால், உதடு நீலமானால், காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

மற்ற நாட்களில் ஒரு சிறு கொப்பியில் எழுதி வாருங்கள்: முட்டு எந்தத் தேதியில் வந்தது, தடிமனுடன் வந்ததா, தனியாக வந்ததா, இரவிலா, ஓடி விளையாடிய பிறகா. சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் மூச்சை ஊதிப் பரிசோதிப்பது கடினம் என்பதால், ஜி.பி.யின் முடிவுக்கு உங்கள் குறிப்புகளே பெரிய துணை.