பொறுக்க முடியாத நிமிடம்
தொடர் – 6

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கினால் இரும்பை பக்கம்தான். சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. கருவறை லிங்கம் மூன்றாகப் பிளந்தது. செப்புத் தகட்டால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பிளந்ததற்கு ஊரில் ஒரு கதை உண்டு. கடுவெளிச் சித்தர் புற்று மூடுமளவு தவம் கிடந்தார். மழை பொய்த்ததற்கு அந்தத் தவத்தின் வெம்மையே காரணம் என்று அரசன் நினைத்தான். வள்ளி என்ற தாசி பக்குவமாக அவரை எழுப்பி அழைத்து வந்தாள். திருவிழாவில் அவள் ஆடும்போது சிலம்பு கழன்றது. ஆட்டம் தடைப்படக் கூடாதென்று சித்தரே அதை எடுத்துப் பூட்டிவிட்டார். கூட்டம் சிரித்தது. அவர் வெகுண்டு பாட, லிங்கம் வெடித்தது.

ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்தவரால் ஒரு சிரிப்பைத் தாங்க முடியவில்லை. பத்து மாதம் மன்றாடிப் பெற்ற மண்பாண்டத்தை ஒரே கூத்தில் போட்டுடைக்கும் ஆண்டியைப் பற்றிய பாட்டும் இவர் பெயரில்தான் வழங்குகிறது. பொறுமை என்பது ஒருவரிடம் நிரந்தரமாக இருப்பதோ இல்லாததோ அல்ல என்பதை இரும்பைக்காரர்கள் எப்போதோ கண்டிருக்கிறார்கள்.

நாமோ ஒருவரை ‘அவசரக்குடுக்கை’ என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். அவருக்குள் நேரம் எப்படி ஓடுகிறது என்று கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நிமிடம் ஆனதும் சொல்லச் சொன்னால், உந்துதலுக்கு எளிதில் ஆட்படுகிறவர்கள் பலர் முன்கூட்டியே ‘ஆகிவிட்டது’ என்பார்கள். கண்ணுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னே உள்ள மூளைப் பகுதி சேதமடைந்தவர்களை ஆராய்ந்த பெர்லின், ரோல்ஸ், கிஷ்கா ஆகியோர் 2004இல் இரண்டையும் சேர்த்தே கண்டார்கள்: பதற்றமான முடிவுகள், வேகமாக ஓடும் உட்கடிகாரம். காத்திருப்பு நீளமாகத் தோன்றும்போது அதன் விலையும் ஏறுகிறது. அதனால்தான் நாளைய பெரிய லாபத்தை விட்டு இன்றைய சிறியதைப் பிடிக்கிறோம் என்று 2008இல் விட்மனும் பாலஸும் விளக்கினார்கள்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக் கரும்புக் கொல்லைக்குப் போக வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். முடிவுகள் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன. சோதனைகளில் ஒன்று, வரிசையில் எத்தனை எண்கள் என்று சொல்வது. ‘5 5 5’ என்றிருந்தால் ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். வாய் ‘ஐந்து’ என்று முந்தும். அதை அடக்க வேண்டும். அறுவடைக்கு முன் சராசரியாக 146 விநாடி எடுத்தார்கள், பின் 131. தவறுகளும் குறைந்தன. அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின் 4 சதவீதம்.

ஆள் அதே ஆள். ஆய்வாளர்கள் அளந்தது நேர உணர்வை அல்ல, முந்தும் வாயைப் பிடித்து நிறுத்தும் திறனை. ஆனால் ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் வீட்டில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன என்று நம்புகிறேன். வட்டி நாள்தோறும் ஏறும்போது ஒரு வாரம் ஒரு வாரமாக இருக்காது. அந்த நெருக்கடியில் வந்த விலைக்கு மாட்டை விற்றவரை ‘யோசிக்காமல் செய்துவிட்டார்’ என்று சொல்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

கரும்பு ஆலைக்குச் சேர்ந்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. வெறும் கணக்கு விதியாக அதைப் பார்க்க இனி என்னால் முடியாது. குத்தகைப் பத்திரமோ, பிள்ளையின் கல்லூரி முடிவோ, நீண்ட காலச் சேமிப்போ, எதுவானாலும் பணம் கைக்கு வந்த வாரத்தில் விவசாயி முன் வையுங்கள். அடகுச் சீட்டு பெட்டியில் இருக்கும் வாரத்தில் வேண்டாம்.