பூனையின் தட்டில் ஒரு கிழநாய்

நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீட்டில் பூனைத் தட்டைக் கழுவும் வேலை அநேகமாக இருக்காது. பூனை நாலு வாய் தின்றுவிட்டு ஜன்னல் பக்கம் நகரும். நாய் வந்து தட்டை நக்கிப் பளபளவென்று வைத்துவிடும். இளம் வயதில் ஓர் அதட்டலுக்கு அடங்கிய நாய், பத்து வயது தாண்டியதும் காதே கேளாததுபோல நடந்துகொள்கிறது (பாதி நேரம் நிஜமாகவே கேட்காது). நேராகப் பூனைத் தட்டுக்குப் போகிறது. வீட்டிலுள்ள இன்னொரு நாய் பக்கத்தில் வந்தால் உறுமுகிறது. சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துச் சமையலறை வாசலில் மறுபடி வந்து நிற்கிறது. ‘வயசான காலத்துல நாக்கு கேக்குது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். உண்மையில் இதில் நாக்கின் பங்கு ரொம்பக் குறைவு. மனித நாக்கில் சுமார் 9,000 சுவைமொட்டுகள் இருக்கின்றன; நாய்க்குச் சுமார் 1,700தான். பூனைக்கு ஐந்நூறுகூடத் தேறாது. இனிப்பை உணரும் மரபணுவே பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள்.

நாக்கு இல்லையென்றால் வேறு எது? முதலில் வம்சாவளியைப் பார்க்க வேண்டும். ஓநாய் கூட்டமாக வேட்டையாடும். பெரிய மான் ஒன்று விழுந்தால் ஒரே மூச்சில் 9 கிலோ இறைச்சி வரை விழுங்கிவிடும். அடுத்த வேளை என்றைக்கு என்று தெரியாது. கூட இருப்பவர்கள் தின்றதுபோக மிச்சம்தான் தனக்கு. வீட்டுப் பூனையின் மூதாதையான காட்டுப்பூனையோ தனியாக எலி பிடித்துப் பிழைத்தது. ஓர் எலியில் சுமார் 30 கலோரி கிடைக்கும். பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். ஆக, எட்டு எலியாவது பிடித்தாக வேண்டும்; எட்டு தனித்தனி வேளைகள். அதனால்தான் பூனை கொஞ்சம் தின்னும், போகும், மறுபடி வரும். தட்டில் அது விட்டுச் செல்வது அதன் கணக்கில் அடுத்த வேளைச் சாப்பாடு. நாயின் கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் இரை. இரண்டு வேட்டைமுறைகள் ஒரே மொசைக் தரையில் மோதிக்கொள்வதைத்தான் நாம் ‘பேராசை’ என்கிறோம்.

இதில் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. நாய்க்குட்டிகளைத் தனியாகவும் கூட்டமாகவும் உண்ணவிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 1949இல் வெளியானது. கூட்டத்தில் இருந்தபோது குட்டிகள் அதிகம் தின்றன. இரண்டு நாய்த் தட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் பசிக்குத் தின்பதில்லை, ஒன்றையொன்று பார்த்துத் தின்கின்றன.

சில நாய்களின் பசி மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபன் குழு லாப்ரடார் நாய்களின் மரபணுக்களை ஆராய்ந்தது. பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப்போயிருப்பது ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாரிடம் தெரிந்தது. ‘உடம்பில் போதுமான இருப்பு இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்லும் செய்தியைத் தயாரிப்பதில் இந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. செய்தி அரைகுறையாகப் போய்ச் சேர்கிறது; நாய் எப்போதும் தேடிக்கொண்டே இருக்கிறது. அதே குழு பிறகு செய்த சோதனைகள் இன்னும் சுவாரசியமானவை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டின் உணவு வைத்து, ‘போதும்’ என்று நாயே ஒதுங்கும்வரை கொடுத்தார்கள். மரபணு பழுதான நாய்களும் மற்ற நாய்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தின்றன. பிறகு, காலைச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, மூடிய பெட்டிக்குள் சாசேஜ் ஒன்றை வைத்தார்கள். பார்க்கலாம், முகரலாம், எடுக்க முடியாது. பழுதான மரபணு உள்ள நாய்கள்தான் அந்தப் பெட்டியோடு அதிகம் மல்லுக்கட்டின. வயிறு நிறைவது அவற்றுக்கும் தெரிகிறது, ஆனால் நிறைந்த வயிறு சீக்கிரமே மறந்துபோகிறது. போதாததற்கு, ஓய்வில் இருக்கும்போது அவற்றின் உடல் செலவிடும் ஆற்றலும் சுமார் கால்பங்கு குறைவு. பார்வையற்றோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணையாகப் பழக்கப்படும் லாப்ரடார்களில் நாலில் மூன்றிடம் இந்தப் பழுது இருந்ததும் அதே 2016 ஆய்வில் தெரிந்ததுதான். ஒரு பிஸ்கட்டுக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாயைத்தானே பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுப்பார்கள்! அந்தப் பசிதான் அதற்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறது.

இந்த அடித்தளத்தின்மேல் முதுமை வந்து உட்காருகிறது. மனிதர்களுக்கு வரும் மறதிநோய் போன்ற ஒன்று நாய்க்கும் வரும். அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 11-12 வயது நாய்களில் 28 சதவீதத்திடமும் 15-16 வயது நாய்களில் 68 சதவீதத்திடமும் அதன் அறிகுறிகளில் ஒன்றாவது தென்பட்டது. இரவு பகல் குழம்பும், பழகிய வீட்டில் மூலையில் போய் நிற்கும். அப்படிப்பட்ட நாய் சாப்பிட்டதையே மறந்து மறுபடி வந்து நின்றால், அது நம்மை ஏமாற்றப் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. சாப்பிட ஆசையிருந்தும் சாப்பிட முடியாத நாய் அடுத்த தட்டைத் தேடும். கிழநாய் உண்பதை ஒருநாள் தரையில் உட்கார்ந்து கிட்டத்தில் பாருங்கள். தட்டுக்குக் குனியும்போது முன்னங்கால்கள் வழவழத்த தரையில் மெல்ல விலகி வழுக்கும். ஒரு பக்கத்துப் பல்லால் மட்டும் கடிக்கும். கெட்டியான உருண்டைகளில் இரண்டு மூன்று கடைவாயிலிருந்து நழுவி விழும். விழுந்ததை முகர்ந்துவிட்டு விட்டுவிடும். பல் வலியும் மூட்டு வலியும் சேர்ந்தால் இப்படித்தான். அதே நாய் பூனையின் ஈரமான, மீன் வாசம் தூக்கும் உணவை மிச்சமில்லாமல் தின்னும். மோப்பம் மங்கிய மூக்குக்கும் அந்த வாசம் எட்டிவிடும். இதற்கு வைத்தியம் எளிது. நாயின் உணவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் மென்மையாகும், வாசமும் கிளம்பும். காலுக்கடியில் ஒரு சணல் சாக்கு விரித்தால் வழுக்காது.

தட்டை உயரத்தில் தூக்கிவைப்பது நல்லது என்று பலரும் சொல்வார்கள். கழுத்து வலிக்கு இதம்தான். ஆனால் பெரிய உருவமும் ஆழமான நெஞ்சுக்கூடும் உள்ள இனங்களில் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து ஒன்று உண்டு. சில மணி நேரத்தில் உயிரையே எடுத்துவிடும். பர்டியூ பல்கலைக்கழகம் 2000இல் வெளியிட்ட ஆய்வு, உயர்த்திய தட்டு, அவசரமாக விழுங்குதல், முதிர்ந்த வயது ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுவதாகக் கண்டது. கிரேட் டேன் வளர்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ராஜபாளையத்துக்கும் நெஞ்சு ஆழம்தான்.

பூனை உணவை நாய் தின்றால் என்ன குடிமுழுகிப் போகும்? ஒருநாள் தின்றால் ஒன்றும் ஆகாது. பூனை முழு மாமிச உண்ணி என்பதால் அதன் தீவனத்தில் புரதமும் கொழுப்பும் தூக்கல். தினமும் தின்றால் கிழநாய் எடை போடும், கணையம் வீங்கவும் வாய்ப்புண்டு. எடை கூடுவது ஆயுளையும் தொடுகிறது. 48 லாப்ரடார்களைப் பிறந்ததிலிருந்து கடைசிவரை கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. கூடப்பிறந்தவற்றைவிடக் கால்பங்கு குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன. தலைகீழாக, பூனை தொடர்ந்து நாய் உணவைத் தின்பதுதான் மோசம். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதுமான அளவு தயாரிப்பதில்லை. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்துவிடும் என்று 1987இல் தெரியவந்தது. நாய்க்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாயிடம் நாலிலிருந்து முப்பது வரை இருக்கும் என்று 2013இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். தயிர்சாதத்தில் வளர்ந்த நாய்கள் நம் தெருவில் திடமாக ஓடுவதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. அதற்காகச் சாம்பார்சாதம் பிசைந்து வைக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் கேடு.

இத்தனை காரணங்களில் ஒன்றுகூட அதட்டலால் மாறாது. ஆகவே நாயைத் திருத்துவதை விட்டுவிட்டு இடத்தையும் நேரத்தையும் மாற்றுவதே என் கட்சி. பூனைத் தட்டு குளிர்சாதனப் பெட்டியின் மேலோ அலமாரித் தட்டிலோ ஏறட்டும். மூட்டுவலிக்கார நாய் அங்கே எட்டாது, பூனைக்கும் உயரம் பிடிக்கும். பூனையும் கிழடாகித் தாவ முடியாமல் போனால், பூனை மட்டும் நுழையும் அகலத்துக்குக் கதவைச் சங்கிலியால் நிறுத்தலாம். கிழநாய்க்கு ஒரு நாளைய அளவைக் கூட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் நடுவில் வந்து நிற்பது குறையும். இளம் நாயை வேறு அறையில் கதவைச் சாத்தி உண்ணவிடுங்கள். கண்ணும் காதும் மங்கிய நாய்க்குப் பின்னால் திடீரென யார் வந்தாலும் திடுக்கிடும், அப்போதுதான் உறுமும். உறுமலுக்கு அடி கொடுத்தால் உறுமல்தான் நிற்கும், பயம் நிற்காது. அடுத்தமுறை எச்சரிக்கை இல்லாமல் பல் பதியும். பூனையின் மண்தட்டையும் கொஞ்சம் மறைத்து வையுங்கள். அதில் கிடப்பதையும் நாய் பலகாரம்போலத் தின்னும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

பசி படிப்படியாக அல்லாமல் சில வாரங்களில் திடீரென்று கூடினால் இந்த ஏற்பாடுகள் போதாது. அரிப்புக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாய்க்கு அகோரப் பசி வரும். மாத்திரையே இல்லாமல், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வளரும் சிறு கட்டியால் உடலே கார்ட்டிசாலைக் கொட்டித் தீர்ப்பதும் உண்டு. இதற்குக் குஷிங் நோய் என்று பெயர், முதிய நாய்களையே அதிகம் பிடிக்கும். வயிறு பானைபோலத் தொங்கும், முடி மெலியும், தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகும். பசியோடு தாகமும் கூடி எடை மட்டும் இறங்கினால் சர்க்கரை நோயாக இருக்கலாம். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காலையில் தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளக்க வேண்டும். வீட்டில் மற்ற பிராணிகள் இருந்தால் அன்றைக்கு அவற்றுக்குத் தனிக் கிண்ணம். நாயின் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்குமேல், அதாவது 20 கிலோ நாய் ஒரே நாளில் இரண்டு லிட்டரைத் தாண்டிக் குடிக்கிறது என்றால், அந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் முதலில் ரத்தமும் சிறுநீரும்தான் கேட்பார்.