நியூயார்க் கடிகாரமும் சென்னை உடம்பும்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் முதல் ஞாயிறு அன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். மறுநாளே அதன் விளைவு சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் தெரிந்துவிடும். அதுவரை இரவு ஏழரைக்கு இருந்த கிளையன்ட் கால் எட்டரைக்குப் போயிருக்கும். நியூயார்க்காரருக்கு அது எப்போதும் காலை பத்து மணி மீட்டிங்தான். சாப்பாடும் தூக்கமும் தள்ளிப்போவது இங்கே உள்ளவருக்கு, அதுவும் மார்ச் மாதம் வரை.

ஐடி ஊழியர்களின் உடல்நலம் என்றால் நாற்காலி, கண், கழுத்து என்றே பேச்சைத் தொடங்குகிறோம். அவை முக்கியம்தான். ஆனால் இந்த வேலையில் முதலில் கெடுவது தூக்கம். மற்ற கோளாறுகளில் பாதி அதன் பின்னால் வருபவை.

ராத்திரிச் சாப்பாடு

மூளையில் இருக்கும் உயிர்க்கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் கணிக்கிறது. இருட்டியதும் மெலட்டோனின் சுரக்கிறது, உடம்பு தூக்கத்துக்குத் தயாராகிறது. இன்சுலின் வேலை செய்யும் திறனும் பகலைவிட இரவில் குறைவு. அதனால் ஏழு மணிக்குச் சாப்பிட்ட அதே நாலு இட்லியைப் பத்தரைக்குச் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும். இட்லிக்கே இப்படி என்றால், கால் முடிந்த கையோடு ஆர்டர் போடும் பரோட்டா சால்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது அது. ஏற்கெனவே அந்த நோய்க்கு வாகான உடல்வாகு நமக்கு. ஆகவே காலுக்கு முன்பே, ஏழு மணிவாக்கில், சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பிறகு பசித்தால் ஒரு பழமோ மோரோ போதும். காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எட்டு மணிக்கு மிஷினில் பிடித்த காபியில் பாதி, நள்ளிரவு ஒரு மணிக்கும் உடம்பில் இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

முழு இரவு ஷிஃப்டில் இருப்பவர்கள் நிலை இன்னும் கடினம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2007-ல் சேர்த்தது, 2019-ல் அதை உறுதிசெய்தது. இதற்காக வேலையை விட்டுவிட வேண்டியதில்லை. ஷிஃப்டை அடிக்கடி முன்னும் பின்னுமாக மாற்றாமல் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் நகர்த்தும்படி மேனேஜரிடம் கேட்கலாம். அந்தத் திசையில் மாறுவது உடம்புக்குச் சுலபம்.

ஆன்கால் வாரம்

புரொடக்‌ஷன் படுத்துவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் போன் அடிக்கும். அடிக்காத இரவிலும், அடித்துவிடுமோ என்ற நினைப்பில் தூக்கம் மேலோட்டமாகவே இருக்கும். தியானம் செய், நீர் குடி என்று அறிவுரை சொல்லித் தீர்க்கிற விஷயம் இல்லை இது. டீம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கூகுள் பொறியாளர்கள் 2016-ல் எழுதிய புத்தகம் ஒன்றில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கோளாறை ஆராய்ந்து, சரிசெய்து, அறிக்கை எழுதி முடிக்கச் சராசரியாக ஆறு மணி நேரம் ஆகிறது. ஆகவே 12 மணி நேர ஷிஃப்டில் இரண்டுக்கு மேல் வரக்கூடாது. உங்கள் டீமில் ஒரு மாத அலாரங்களை எண்ணிப் பாருங்கள். நடவடிக்கையே தேவைப்படாத அலாரம்தான் அதில் நிறைய என்றால், அதை அணைப்பதும் ஸ்பிரின்ட்டில் சேர்க்க வேண்டிய வேலைதான். மேனேஜரிடம் 'தூக்கமே இல்லை' என்று சொல்வதைவிட அந்த எண்ணிக்கையைக் காட்டுவது எடுபடும். கோளாறுக்குப் பிறகு நடக்கும் கூட்டத்தில் 'யார் செய்தது' என்று கேட்பதற்கும் 'எப்படி நடந்தது' என்று கேட்பதற்கும் இருக்கும் வித்தியாசம், மறுநாள் இரவு ஒருவர் தூங்குவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கும்.

இடுப்பு, கழுத்து, கண், விரல்

எடை இயந்திரத்தைவிட இஞ்ச் டேப் நம்மவர்களுக்கு நல்ல வழிகாட்டி. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை வேண்டும். பேச வேண்டாத மீட்டிங்குகளை நடந்துகொண்டே கேட்டால் அதில் ஒரு பங்கு வந்துவிடும்.

லேப்டாப்பை நாலு தடித்த புத்தகத்தின் மேல் உயர்த்தி, தனி கீபோர்டு போட்டுக்கொண்டால் கழுத்து தப்பிக்கும். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது, ஏசி வேறு ஈரத்தை உறிஞ்சுகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஏதாவதொன்றை 20 விநாடி பாருங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்கலாம். சுண்டுவிரல் மரத்தால் முழங்கையை மேசையில் ஊன்றும் பழக்கத்தைப் பாருங்கள். சில வாரங்களில் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

எல்லாம் சலிப்புத்தானா?

வேலையால் வரும் அயர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில் விவரித்தது. அதை நோய் என்று சொல்லவில்லை, பணி சார்ந்த நிலை என்றது. சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்போ விலகலோ வருவது, எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். நேற்றுவரை பொறுமையாக ரிவ்யூ செய்தவர் இன்று ஒற்றை வார்த்தையில் கமென்ட் போடுகிறார் என்றால், அவருக்குத் திமிர் என்று முடிவுகட்டுவதற்கு முன் கொஞ்சம் விசாரியுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்கு இன்னொரு சுமை. 'வீட்டில்தானே இருக்கிறாய்' என்று குக்கரும் குழந்தையும் கிளையன்ட்டும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். அங்கே மாற வேண்டியது வீட்டில் உள்ள மற்றவர்கள்.

லீவு போட்டால் அயர்வு ஓரளவு குறையும். லீவிலும் குறையாமல், பிடித்த படமோ பாட்டோ சாப்பாடோ எதுவுமே ருசிக்காமல் இரண்டு வாரம் ஓடினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பதை அதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே, அந்த நேரமே பேச வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ, செலவு எவ்வளவு ஆகுமோ என்று தயங்குபவர்கள் பலர். ஆலோசகரிடமும் மனநல மருத்துவரிடமும் நீங்கள் பேசுவதை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல்நோய்க்குக் காப்பீடு தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டும். கம்பெனி கொடுத்த பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடைக்கும், மருத்துவமனையில் சேராமல் பெறும் சிகிச்சைக்கும் உண்டா என்று ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.